முசலமும் உருளையும்: பேரெஞ்சின்களின் உராய்வுநீக்க வரலாறு பற்றிய ஒரு நோக்கு

எஞ்சின்களின் வரலாற்றைக் கூறும் நூல்கள் பெரும்பாலும் வெப்பத்தின் வரலாற்றையே கூறுகின்றன. எரிபொருளின் வெப்பம் எவ்வாறு இயக்கமாக மாற்றப்பட்டது, அம்மாற்றத்தின் வினைத்திறன் எவ்வாறு படிப்படியாக உயர்ந்தது, அவ்வுயர்வுக்குக் காரணராயிருந்தோர் யாவர் என்பனவே அவற்றின் பொருளாக அமைகின்றன. இந்நோக்குத் தவறானதன்று, ஆயின் முழுமையானதுமன்று. உருளையினுள்ளே பிறக்கும் அமுக்கம் எத்துணைப் பெரிதாயினும், அதனைத் தாங்கிக் கீழிறங்க வேண்டியது பிஸ்டன் என வழங்கும் முசலமே. அம்முசலம் உருளையின் சுவரோடு இறுக ஒட்டியிருத்தல் வேண்டும். இன்றேல் அமுக்கம் கசிந்துவிடும். அதேவேளை அது சுவரிற் பற்றிக்கொள்ளாது வழுக்கிச் செல்லுதலும் வேண்டும். இன்றேல் உலோகம் உலோகத்தைத் தின்றுவிடும். ஒன்றற்கொன்று முரணான இவ்விரு தேவைகளையும் ஒருங்கே நிறைவேற்றும் முயற்சி 300 ஆண்டுகளுக்கு மேலாகத் தொடர்ந்து வந்துள்ளது. அம்முயற்சியின் படிநிலைகளை ஆராய்வதும், எஞ்சின்களின் வளர்ச்சிக்கு எல்லை வகுத்தது பல வேளைகளில் வெப்பக் கொள்கையன்று, முசலத்துக்கும் உருளைக்கும் இடைப்பட்ட சிறு இடைவெளியே என்பதைக் காட்டுவதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நியூகொமனின் எஞ்சின்: தோலும் நீரும்

உருளையொன்றினுள் நீராவியை ஒடுக்கி, அதனாலுண்டாகும் வெற்றிடத்தைக்கொண்டு முசலத்தை இயக்கலாம் என்னும் கருத்தை 1690இல் டெனி பப்பின் வெளியிட்டார். அக்கருத்தைச் சுரங்கத்தின் நீரிறைக்கும் பொறியாக நடைமுறைப்படுத்தியவர் இங்கிலாந்தின் டாட்மவுத் நகரைச் சேர்ந்த இரும்பு வணிகரான தோமஸ் நியூகொமன் ஆவார். 1712இல் டட்லிக் கோட்டைக்கு அண்மையில் அவர் நிறுவிய எஞ்சினின் உருளை 21 அங்குல விட்டமும் ஏறக்குறைய 8 அடி நீளமும் உடையது. நிமிடத்துக்குப் பன்னிரண்டு முறை அது அசைந்தது. நீராவி அங்கே முசலத்தைத் தள்ளவில்லை. உருளையினுட் குளிர்நீர் பாய்ச்சப்பட்டதும் நீராவி ஒடுங்க, மேலிருந்த வளிமண்டலத்தின் அமுக்கமே முசலத்தைக் கீழே அழுத்தியது.

இவ்வெஞ்சினில் இடைவெளிப் பிரச்சினை மிக எளிய முறையில் தீர்க்கப்பட்டது. முசலத்தின் விளிம்பிலே தோல் பொருத்தப்பட்டது. அதன்மேல் எந்நேரமும் சிறிது நீர் நிற்குமாறு செய்யப்பட்டது. வளி புகக்கூடிய சிறு வழிகளை அந்நீர் அடைத்தது; தோலை நனைத்து இளக்கமாகவும் வைத்திருந்தது. ஆகவே பேரெஞ்சின்களில் முதன்முதற் பயன்பட்ட உராய்வுநீக்கி எண்ணெயன்று, நீரே எனல் மிகையாகாது. அக்காலத்து உருளைகள் உட்புறம் செவ்வனே வட்டமாக இருக்கவில்லை. எனினும் இயங்கமுக்கம் வளிமண்டல அமுக்கத்தின் ஏறத்தாழ அரைப்பங்கேயாதலாலும், அசைவு மெதுவானதாதலாலும் அக்குறை பொறுத்துக்கொள்ளக்கூடியதாயிற்று. மேற்கூறிய எஞ்சினின் முசலத்தின்மீது செயற்பட்ட விசை ஒரு தொன்னுக்குச் சற்றே அதிகமானதென மதிப்பிடலாம்.

வாட்டின் இடர்ப்பாடும் வில்கின்சனின் துளையிடுபொறியும்

நியூகொமனின் எஞ்சினில் உருளையே மாறிமாறிச் சூடாக்கப்பட்டுக் குளிர்விக்கப்பட்டதால் எரிபொருள் பெரிதும் வீணாயிற்று. இதனைத் தவிர்க்க நீராவியை வேறொரு கலத்தில் ஒடுக்கலாம் என்னும் எண்ணம் 1765இல் ஜேம்ஸ் வாட்டுக்குத் தோன்றியது. 1769இல் அவர் ஆக்கவுரிமை பெற்றார். ஆயின் அவ்வகை எஞ்சின்கள் தொழிலகங்களில் இயங்கத் தொடங்கியது 1776இலேயே. இடைப்பட்ட இப்பதினோராண்டுத் தாமதம் வரலாற்று மாணவரின் கவனத்துக்குரியது.

வாட்டின் கொள்கைப்படி உருளை எப்போதும் சூடாயிருத்தல் வேண்டும். அவ்வாறாயின் முசலத்தின்மேல் நீரை நிறுத்த இயலாது. அந்நீர் உருளையைக் குளிர்வித்துக் கொள்கையையே அழித்துவிடும். ஆகவே நியூகொமன் பயன்படுத்திய காப்பை வாட் இழந்தார். அவரது ஆக்கவுரிமைப் பத்திரத்திலேயே இதற்கான மாற்றும் கூறப்பட்டுள்ளது. நீருக்குப் பதிலாக எண்ணெய், மெழுகு, பிசின், விலங்குக் கொழுப்பு, பாதரசம் முதலியவற்றைக்கொண்டு முசலத்தை நீராவி புகாதபடி செய்வதாக அவர் குறிப்பிட்டார். தனி ஒடுக்கியின் பிறப்பும் உருளையெண்ணெயின் பிறப்பும் ஒரே ஆவணத்தில் இடம்பெற்றமை தற்செயலானதன்று. முன்னையது பின்னையதை வேண்டி நின்றது.

எண்ணெயும் கொழுப்பும் மட்டும் போதுமானவையாக இருக்கவில்லை. ஸ்கொத்லாந்தின் கின்னீலில் வாட் அமைத்த சோதனை எஞ்சினின் உருளை தகரத்தால் அடித்துருவாக்கப்பட்டது. 18 அங்குல விட்டமுடையது. அதன் வட்டம் சீராக அமையாமையால் நீராவி ஓயாது கசிந்தது. தக்கை, எண்ணெய் தோய்ந்த கந்தை, கடதாசிக் கூழ், பழைய தொப்பித் துணி, குதிரைச் சாணம் எனப் பலவற்றை அவர் முசலத்தின் விளிம்பிலே திணித்துப் பார்த்தார் எனக் கூறப்படுகிறது. எவையும் நிலையான பயன் தரவில்லை. அவருக்குப் பொருளுதவி செய்த ஜோன் றோபக் 1773இல் முறிவடைய, எஞ்சின் பேர்மிங்காமில் மத்தியூ போல்ற்றனின் சோகோ ஆலைக்குக் கொண்டுசெல்லப்பட்டது.

இடையூற்றை நீக்கியவர் இரும்புத் தொழிலதிபரான ஜோன் வில்கின்சன். அதுவரை வழங்கிய துளையிடுமுறையில், வெட்டலகு வார்க்கப்பட்ட உருளையின் உட்பரப்பையே பற்றிச் சென்றது. வார்ப்பில் வளைவிருந்தால் துளையிலும் அவ்வளைவு எஞ்சியது. வில்கின்சன் 1774இல் பீரங்கித் துளையிடலுக்கு ஆக்கவுரிமை பெற்றவர். அவ்வனுபவத்தைக்கொண்டு 1775இல் உருளையின் இரு முனைகளுக்கும் அப்பால் தாங்கப்பட்ட ஓர் உறுதியான தண்டிலே வெட்டலகைப் பொருத்தினார். அலகு இப்போது வார்ப்பின் குறையைப் பின்பற்றாது தண்டின் நேர்மையைப் பின்பற்றியது. 1776இல் ரிப்டன் பகுதிச் சுரங்கத்தில் இயங்கத் தொடங்கிய எஞ்சினின் உருளை 50 அங்குல விட்டமுடையது. அதன் பிழை எவ்விடத்திலும் ஒரு பழைய சில்லிங் நாணயத்தின் தடிப்பளவுக்கு மேற்படவில்லையெனப் போல்ற்றன் மகிழ்ந்து எழுதினார்.

வாட்டின் தாமதத்துக்கு மூலதனக் குறைவு, ஆக்கவுரிமைக் காலம் பற்றிய ஐயம் முதலிய வேறு காரணங்களும் இருந்தன என்பது உண்மையே. 1775இற் பாராளுமன்றம் அவரது உரிமையை 1800 வரை நீடித்தமையும் போல்ற்றனின் ஊக்கத்துக்குக் காரணமாயிற்று. ஆயினும் உரிமை நீடிக்கப்பட்டதனால் மட்டும் கசியும் முசலம் கசியாதுவிடாது. வாட்டின் அறிவும் போல்ற்றனின் மூலதனமும் வில்கின்சனின் கைவினையும் ஒன்றுசேர்ந்த ஆண்டே நவீன நீராவி எஞ்சினின் தொடக்க ஆண்டாகக் கொள்ளத்தக்கது.

சணலிலிருந்து உலோக வளையத்துக்கு

இதன் பின்னரும் நெடுங்காலம் முசலத்தின் விளிம்பு கொழுப்பில் ஊறிய சணற் கயிற்றாலேயே சுற்றப்பட்டது. கயிறு தேயும்போது அதன்மேலிருந்த வளையத்தின் திருகாணிகளை இறுக்கி அதனைச் சுவரோடு நெருக்கினர். உருளையின் மூடியிலிருந்த கிண்ணத்தின் வழியே உருகிய மாட்டுக்கொழுப்பு ஊற்றப்பட்டது. அமுக்கம் குறைவாயிருந்தவரை இம்முறை ஏற்றதாயிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உயரமுக்க நீராவி வழக்குக்கு வந்தபோது சணல் கருகியது. கொழுப்பு சிதைந்து அமிலமாகி இரும்பை அரித்தது.

விசைத்தறியைக் கண்டவரான எட்மன்ட் காட்ரைட் 1797இல் உலோகத் துண்டுகளை விற்களால் வெளிநோக்கித் தள்ளும் முசலமொன்றுக்கு ஆக்கவுரிமை பெற்றார். அவ்வழியிற் பலர் முயன்றனராயினும் அவர்களது அமைப்புகள் பல உறுப்புகளும் பெரும் நிறையும் உடையனவாயிருந்தன. மான்செஸ்டரில் புகையிரதப் பொறியியலாளராகப் பணியாற்றிய ஜோன் றாம்ஸ்பொட்டம் 1852இல் இதற்கு வியத்தகு எளிமையுடைய தீர்வொன்றைக் கண்டார். முசலத்தைச் சுற்றி ஒடுங்கிய தவாளிப்புகளை வெட்டி, ஒவ்வொன்றிலும் ஓரிடத்திற் பிளவுபட்ட உலோக வளையமொன்றை இட்டார். வளையம் இயல்பில் உருளையைவிடச் சற்றுப் பெரியது. ஒடுக்கிப் பொருத்தப்படும்போது தன் மீள்சக்தியாலேயே சுவரை அழுத்தும். தனி வில்லும் வேண்டியதில்லை, திருகாணியும் வேண்டியதில்லை. 1854இல் இயந்திரப் பொறியியலாளர் நிறுவகத்தின் முன் அவர் இதனை விளக்கினார்.

இவ்வளையத்தின் சிறப்பு அதன் மீள்சக்தியில் மட்டும் அடங்கியதன்று. உருளையிலுள்ள வாயு தவாளிப்பின் உட்புறம் புகுந்து வளையத்தைப் பின்னிருந்து தள்ளுகின்றது. எனவே அமுக்கம் உயருந்தோறும் வளையம் தானாகவே மேலும் இறுக அடைக்கின்றது. அமுக்கம் தணியும்போது தானாகவே தளர்கின்றது. இன்றைய பேரெஞ்சின்களின் முசல வளையங்களும் அடிப்படையில் இதே முறையிலேயே செயற்படுகின்றன.

உராய்வுநீக்கலிலும் இக்காலத்தில் மாற்றங்கள் நிகழ்ந்தன. 1859இல் பென்சில்வேனியாவின் ரைற்றஸ்வில்லில் எண்ணெய்க் கிணறு தோண்டப்பட்ட பின்னர், கொழுப்பைப்போல் அமிலமாகச் சிதையாத கனிய எண்ணெய்கள் உருளைகளுக்குக் கிடைத்தன. அவற்றை வேண்டிய அளவில் வேண்டிய வேளையில் ஊட்டும் கருவிகளும் தோன்றின. அவ்வகையில் 1872இல் ஆக்கவுரிமை பெற்றவர்களுள் எலைஜா மக்கோய் குறிப்பிடத்தக்கவர். அமெரிக்காவின் அடிமைத்தளையிலிருந்து தப்பிக் கனடாவிற் குடியேறிய பெற்றோருக்குப் பிறந்த அவர், எடின்பரோவிற் பொறியியற் பயிற்சி பெற்றவர். எனினும் நிறவேற்றுமை காரணமாக மிச்சிகன் புகையிரதப் பாதையில் தீமூட்டுநராகவும் எண்ணெயிடுநராகவுமே அவருக்கு வேலை கிடைத்தது. நீராவியின் அமுக்கத்தைக்கொண்டே எண்ணெயை உருளைக்கு ஊட்டும் அவரது கருவி, எஞ்சினை நிறுத்தி எண்ணெயிடும் தேவையைக் குறைத்தது. எண்ணெய்க் குவளையைக் கையிலேந்திய தொழிலாளியின் அனுபவமே அக்கண்டுபிடிப்பின் ஊற்றாயிற்று என்பது மனங்கொள்ளத்தக்கது.

எண்ணெய்ப் படலம் பற்றிய அறிவு

எண்ணெய் உராய்வைக் குறைக்கிறது என்பதை யாவரும் அறிந்திருந்தனர்; எவ்வாறு குறைக்கிறது என்பதை எவரும் அறிந்திலர். 1883இல் போஷம் டவர் என்பார் புகையிரத அச்சுத் தாங்கிகளை ஆராய்கையில், தாங்கியின் மேற்புறத்தில் இட்ட துளையினூடாக எண்ணெய் பீறிட்டெழுவதைக் கண்டார். துளையை மரத்தாலடைத்தபோது அம்மரத்தையும் எண்ணெய் வெளியே தள்ளியது. சுழலும் அச்சு தானே எண்ணெயை இடுக்கினுள் இழுத்து அமுக்கமூட்டுகின்றது என்பதும், அவ்வெண்ணெய்ப் படலமே சுமையைத் தாங்குகின்றது என்பதும் இதனாற் புலனாயின. 1886இல் ஒஸ்போண் ரெனோல்ட்ஸ் அதற்குரிய கணிதக் கொள்கையை வகுத்தார்.

இக்கொள்கையை முசலத்துக்குப் பொருத்தி நோக்குமிடத்து அதன் தனிப்பட்ட இடர் தெளிவாகும். படலம் உருவாவதற்கு இயக்கம் வேண்டும். அச்சு ஓயாது சுழல்வது. முசலமோ ஒவ்வோர் அடிப்பின் இறுதியிலும் ஒரு கணம் நின்று திரும்புவது. அக்கணத்திற் படலம் மெலிகின்றது. மேன்முனையில் முசலம் நின்று திரும்பும் அவ்வேளையிலேயே அமுக்கமும் வெப்பமும் உச்சநிலையை அணுகுகின்றன. பாதுகாப்பு மிகக் குறைந்த இடத்தில் தாக்கம் மிகக் கூடுதலாயிருத்தலே உருளைகள் மேன்முனைக்கு அண்மையில் மிகுதியாகத் தேய்வதன் காரணமாகும்.

டீசல் எஞ்சினும் குறுக்குத்தலையும்

ருடோல்ப் டீசலின் எஞ்சின் இவ்விடரைப் பன்மடங்காக்கியது. வளியை மிகுதியாக அழுத்தி, அவ்வெப்பத்தாலேயே எரிபொருளைத் தகனமடையச் செய்வது அவரது முறை. 1893இல் ஓக்ஸ்பேர்க்கில் நடந்த முதற் சோதனைகளில் முசலத்தின் கசிவினால் அவர் எதிர்பார்த்த அமுக்கம் கிட்டவில்லை. 1897இல் முடிவுற்ற எஞ்சின் 26 சதவீதமளவிலான வினைத்திறனைக் காட்டி உலகின் கவனத்தை ஈர்த்தது. 1912இல் கொப்பன்ஹேகனின் பேர்மைஸ்ரர் அன்ட் வைன் நிறுவனம் கட்டிய செலாண்டியா என்னும் கப்பல், எட்டு உருளைகள் கொண்ட இரு டீசல் எஞ்சின்களோடு பெருங்கடற் பயணத்தை மேற்கொண்டது.

பெரிய டீசல் எஞ்சின்களின் முசல அமைப்பு இருவகைப்படும். ஒருவகையில் இணைக்கும் தண்டு முசலத்தின் உட்புறத்திலேயே பொருத்தப்படும். தண்டு சாயும்போது உண்டாகும் பக்கவிசையை முசலத்தின் பக்கச்சுவரே தாங்கும். உருளைக்கும் கிராங்கறைக்கும் ஒரே எண்ணெய் பயன்படும். மற்றைய வகையில் முசலத்தோடு செங்குத்தான தண்டொன்று இணைக்கப்பட்டு, அதன் கீழ்முனையில் குறுக்குத்தலை எனப்படும் உறுப்பு வழிகாட்டிகளுக்கிடையே ஏறியிறங்கும். பக்கவிசை முழுவதையும் குறுக்குத்தலையே தாங்குவதால் முசலத்துக்கு அமுக்கத்தைத் தாங்குவதும் அடைப்பதுமே பணியாகும். உருளைக்கும் கிராங்கறைக்கும் இடையே தடுப்பும், தண்டைச் சூழ்ந்து எண்ணெய் கடவாதபடி அடைப்புப் பெட்டியும் அமைகின்றன. இதனால் உருளைக்கெனத் தனி எண்ணெயை இட முடிகின்றது. நீராவி எஞ்சினிலிருந்து வழிவந்த இவ்வமைப்பே பெருங்கப்பல்களின் மெதுவேக ஈரடிப்பு எஞ்சின்களில் நிலைபெற்றது.

அத்தகைய முசலத்தின் தலை வெப்பந்தாங்கும் கலப்புருக்காலானது. அதன் கீழ்ப்புறத்தே முற்காலத்திற் பல எஞ்சின்களில் நீரும், பின்னர் பெரும்பாலும் எண்ணெயும் பாய்ச்சிக் குளிர்விக்கப்பட்டது. நீர் நன்கு குளிர்விக்குமாயினும், கசிந்து கிராங்கறை எண்ணெயோடு கலக்கும் ஆபத்து அதற்குண்டு. வளையத் தவாளிப்புகள் தேயாதிருக்கக் குரோமியம் பூசப்படும். உருளையின் உட்சுவர் வார்ப்பிரும்பாலானது. வார்ப்பிரும்பினுட் படலங்களாகப் பொதிந்துள்ள காரீயம் தானே வழுக்குந் தன்மையுடையது. அதனைச் சூழ்ந்த நுண்குழிகள் எண்ணெயைத் தேக்கிவைக்கின்றன. இலங்கையின் போகலைச் சுரங்கத்தில் அகழப்படும் காரீயமும் இதே பொருளே. சுவர் கண்ணாடிபோல் மினுங்குமாறு தேய்ந்துவிட்டால் எண்ணெய் அதில் நில்லாது. வளையம் சுவரைப் பற்றிக் கிழிக்கும். ஆகவே சுவர் அளவோடு கரடாயிருத்தல் வேண்டுமென்பது பொறியியலாளர் பட்டறிந்த பாடமாகும்.

1947 செப்டெம்பர் 11

உராய்வுநீக்கம் தவறுவதன் விலை தேய்வு மட்டுமன்று. போர்ப்பணியின் பின் பெல்பாஸ்றிற் புதுப்பிக்கப்பட்ட றெய்னா டெல் பசிபிகோ என்னும் பயணிகள் கப்பல், 1947 செப்டெம்பர் 11ஆம் நாள் சோதனைப் பயணத்தில் ஈடுபட்டிருந்தது. அதன் எஞ்சினொன்றில் முசலமொன்று மிகையாகச் சூடேறியது. கிராங்கறையில் நிறைந்திருந்த எண்ணெயாவி அவ்வெப்பத்தால் தீப்பற்றி வெடிக்க, எஞ்சினறையில் நின்ற 28 பேர் மாண்டனர். எண்ணெய் திரவமாயிருக்கையிற் காவலனாகவும், சூடான பரப்பிற்பட்டு நுண்மூடுபனியாகும்போது வெடிமருந்தாகவும் மாறுமென்பது இவ்விபத்தினாற் கொடூரமாக உணர்த்தப்பட்டது. கிராங்கறைக் கதவுகளில் அமுக்கத்தை வெளியேற்றிச் சுவாலையைத் தடுக்கும் வால்வுகளும், எண்ணெய் மூடுபனியை முன்னரே அறிவிக்கும் கருவிகளும் பின்னர்ப் பரவலாக இடம்பெற்றமைக்கு இவ்விபத்துப் பற்றிய விசாரணை முக்கிய தூண்டுகோலாயிற்று.

கந்தகமும் காரமும்

இரண்டாம் உலகப் போரின் பின்னர், எண்ணெய் வடிப்பில் அடியில் எஞ்சும் மலிவான கனவெண்ணெயைக் கப்பலெஞ்சின்களில் எரிக்கும் முறை பரவியது. 1946ஐ அடுத்த ஆண்டுகளில் ஓரிக்கியூலா என்னும் எண்ணெய்க் கப்பலில் ஜோன் லாம் நடத்திய சோதனைகள் இதற்கு வழிகாட்டின. கனவெண்ணெயிற் கந்தகம் மிகுதி. அது எரியும்போது உண்டாகும் ஒட்சைட்டுகள் நீராவியோடு சேர்ந்து, சற்றுக் குளிர்ந்த உருளைச் சுவரில் சல்பூரிக்கமிலமாகப் படிந்தன. உருளைகள் முன்னிலும் பன்மடங்கு விரைவாகத் தேய்ந்தன. எரிபொருளில் மிஞ்சிய பணம் உதிரிப்பாகங்களிற் செலவாயிற்று. துறைமுகத்திற் கப்பல் நிற்கும்போதெல்லாம் முசலங்களைத் தூக்கி வளையங்களை மாற்றும் கடும்பணி எஞ்சினறைத் தொழிலாளர்மீது விழுந்தது.

1950களிலேதான் இதற்குத் தக்க மாற்றுக் கிடைத்தது. எண்ணெயோடு காரப்பொருளைக் கலந்து அமிலத்தை அவ்விடத்திலேயே நடுநிலையாக்குவதே அம்மாற்று. முதலிற் காரவுப்பின் நீர்க்கரைசலை எண்ணெயோடு கலந்த குழம்புகளும், பின்னர் கல்சியம் காபனேற்றை மிக நுண்ணிய துணிக்கைகளாகத் தாங்கிநிற்கும் எண்ணெய்களும் வந்தன. உருளையெண்ணெய் இப்போது மூன்று பணிகளை ஏற்றது: வழுக்கச் செய்தல், அடைத்தல், அமிலத்தை எதிர்த்தல். தன் பணி முடிந்ததும் அது எரிந்தும் வழிந்தும் போய்விடும், மீளப் பயன்படுவதில்லை.

இதன் அளவை ஓர் உதாரணத்தாற் காட்டலாம். 2006இல் எம்மா மாஸ்க் என்னும் கொள்கலக் கப்பலிற் பொருத்தப்பட்ட வாட்சிலா நிறுவன வடிவமைப்பான எஞ்சின் 14 உருளைகளை உடையது. உருளையின் விட்டம் 960 மில்லிமீற்றர். அடிப்பின் நீளம் 2500 மில்லிமீற்றர். நிமிடத்துக்கு 102 சுற்றுகளில் அது ஏறத்தாழ 80,000 கிலோவாற்று வலுவைத் தருவது. அமுக்கம் 140 வளிமண்டலங்கள் எனக் கொண்டாலும் ஒரு முசலத்தின்மீது ஆயிரம் தொன்னுக்கு மேற்பட்ட விசை செயற்படும். நியூகொமனின் முசலம் தாங்கியதைப்போல் இது ஏறக்குறைய ஆயிரம் மடங்காகும். கிலோவாற்று மணிக்கு ஒரு கிராம் எண்ணெய் இடப்படுவதாகக் கொண்டால், ஒரு சுற்றுக்கு ஓர் உருளைக்குக் கிடைப்பது ஒரு கிராமுக்கும் குறைவே. அது ஏழரைச் சதுர மீற்றர் பரப்பைக் காக்க வேண்டும். எனினும் கப்பல் முழுவதற்கும் ஒருநாட் செலவு இரண்டு தொன்னை அணுகும். வளையங்கள் கடந்துசெல்லும் கணத்தை அறிந்து எண்ணெயைச் செலுத்தும் மின்னணுக் கருவிகள் 1990களின் பிற்பகுதியிலிருந்து உருவாக்கப்பட்டமையின் காரணம் இதனால் விளங்கும்.

காரம் குறைந்தால் அமிலம் அரிக்கும்; மிகுந்தாலோ எஞ்சிய கல்சியம் முசலத்தின் மேல்விளிம்பிற் கடினமாகப் படிந்து, எண்ணெயைத் துடைத்துச் சுவரை மினுக்கிவிடும். 2008இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் எரிபொருளைச் சேமிக்கக் கப்பல்கள் மெதுவாகச் செலுத்தப்பட்டபோது, உருளைகள் குளிர்ந்து அமிலம் பெருகியது; காரம் மிக்க எண்ணெய்கள் வேண்டப்பட்டன. 2020 ஜனவரி 1 முதல் கப்பலெரிபொருளிற் கந்தகத்தின் உச்ச அளவு 3.50 சதவீதத்திலிருந்து 0.50 சதவீதமாகக் குறைக்கப்பட்டபோது, அதே எண்ணெய்கள் பல எஞ்சின்களுக்கு மிகையாயின. காரங் குறைந்த எண்ணெய்களுக்கு மாற வேண்டியதாயிற்று.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து இரு முடிவுகளுக்கு நாம் வரலாம். முதலாவது, ஒரு காலத்தில் எட்டப்பட்ட தீர்வு அடுத்த காலத்தின் தேவையினாலேயே குலைக்கப்பட்டு வந்துள்ளது. நீர்க்காப்பை வாட்டின் சூடான உருளை குலைத்தது; சணலையும் கொழுப்பையும் உயரமுக்க நீராவி குலைத்தது; தூய கனிய எண்ணெயைக் கந்தகம் குலைத்தது. 2016 முதல் மெதனோலை எரிக்கும் ஈரடிப்பு எஞ்சின்களும் கடலில் இயங்கி வருகின்றன. கந்தகமற்ற அவ்வெரிபொருளுக்கும் அதற்கேற்ற உருளையெண்ணெயைத் தேர்ந்தாக வேண்டியிருக்கின்றது. எரிபொருள் மாறுந்தோறும் இவ்வினா புதிதாக எழும்.

இரண்டாவது, இத்தீர்வுகளைத் தந்தோர் அனைவரும் ஆய்வுகூடத்து அறிஞரல்லர். பீரங்கி வார்த்தவர், புகையிரதப் பட்டறையினர், எண்ணெய்க் குவளை ஏந்தியவர் ஆகியோரும் அவர்களுட் சமமான இடத்தைப் பெறுகின்றனர். தெய்வேந்திரமுனைக்குத் தெற்கே இரவும் பகலும் செல்லும் பெருங்கப்பல்களின் எஞ்சினறைகளில், வளையங்களின் நிலையையும் வழிந்துவரும் எண்ணெயின் நிறத்தையும் பார்த்து ஊட்டளவைக் கூட்டியும் குறைத்தும் வருவோர் அம்மரபின் வழித்தோன்றல்களே. தொழினுட்ப வரலாறு எழுதுவோர் கொள்கைகளோடு இத்தகையோரின் கைவினையறிவையும் ஆவணப்படுத்துதல் இன்றியமையாததாகும்.